ரதியின் ஒப்பாரி தட்டின் ஓரத்தில் இருக்கிறது

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கிற என் ரிப்பேர் கடையில், மேசைக்கு மேல் தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் கறுப்புத் துணியில் சுற்றிய ஒரே ஒரு சீடி. 2005 மாசி மாதம், நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தின் ஒலிப்பதிவு. மன்மதன், ரதி கதையை ஆடிப் பாடும் கூத்து அது. அந்த வருடம் ரதி வேடம் கட்டிப் பாடியவர் என் அப்பா. பகலில் கவ்வாத்து வெட்டிவிட்டு, இரவில் சேலை கட்டிக்கொண்டு ரதியாக நின்றவர். 2011இல் காலமானார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

அந்தச் சீடித் தட்டில் 78 நிமிடம் பதிந்திருந்தது. போன மாதம் அதில் 72 நிமிடத்தை மீட்டுவிட்டேன். மிச்ச 6 நிமிடம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த 6 நிமிடத்தோடு மல்லுக்கட்டியதில் லேசரைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடைக்கு வந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி. கொட்டகலையிலிருந்து வருகிறவர், பழைய பாட்டில் பைத்தியம். "அண்ணே, ப்ளூ-ரே பிளேயர்ல நீல லேசர் இருக்காமே, அதுல நம்ம பழைய சீடியப் போட்டா சத்தம் இன்னும் தெளிவா வருமா?" இந்தக் கேள்வியை இதே மாதிரி பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். வராது, தம்பி. ஏன் வராது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சீடியில் பாட்டு இருப்பதில்லை, எண்கள் இருக்கின்றன. ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைத்த கணக்குப் புத்தகம் அது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த முறை. 1982இல் சந்தைக்கு வந்தது. கடைகளில் விற்கும் அச்சடித்த தட்டில் அந்த எண்கள் சின்னச் சின்னக் குழிகளாக, ஒரே சுருள் தடத்தில் இருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். நிரம்பிய தட்டின் தடத்தைச் சுருள் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதை வாசிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

அலைநீளம் குறையக் குறைய லேசரின் புள்ளி சிறிதாகும். அதனால் குழிகளையும் சிறிதாக்கி நெருக்கமாக அடுக்கலாம். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் ஊதா-நீல லேசர், இடைவெளி 0.32. சீடி கொள்வது 700 மெகாபைட் அளவு. டிவிடியின் ஒரு அடுக்கு 4.7 கிகாபைட், ப்ளூ-ரேயின் ஒரு அடுக்கு 25 கிகாபைட். எல்லாம் அதே 12 சென்டிமீட்டர் தட்டுதான். கவ்வாத்துக் கத்தியால் செய்கிற வேலையை ஊசிமுனையால் செய்வது போல. ஜப்பானில் ஷூஜி நகாமுரா போன்றவர்கள் காலியம் நைட்ரைடு என்ற பொருளோடு வருடக்கணக்கில் போராடியதால்தான் இந்த நீல ஒளி கையில் கிடைத்தது. நீல எல்ஈடிக்காக அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு ரிப்பேர்காரனாக அந்தப் பரிசில் எனக்கும் மகிழ்ச்சி.

சரி, இடம் கூடினால் ஒலிக்கு என்ன லாபம்? புதிதாகப் பதிகிறவர்களுக்கு லாபம் உண்டு. 1999இல் வந்த எஸ்ஏசிடி (சூப்பர் ஓடியோ சீடி) என்ற தட்டு, சிவப்பு லேசரின் இடத்தைப் பயன்படுத்தி, விநாடிக்கு 28 இலட்சம் தடவைக்கு மேல் ஒலியைத் தொட்டுப் பார்த்து எழுதியது. ப்ளூ-ரேயில் 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 192,000 தடவை வரை போகலாம். பெரிய வாத்தியக் குழுவை நல்ல மைக் வைத்து, அமைதியான அறையில் பதிந்தவர்களுக்கு அது அருமையான வசதி. கேட்பதற்கு மட்டும் என்றால், 16 பிட்டும் 44,100உம் மனிதக் காதுக்குப் போதும் என்பதுதான் என் முடிவு. ஆனால் ஏற்கெனவே 16 பிட்டில் எழுதிய எண்ணை எந்த லேசரால் வாசித்தாலும் அது அதே எண்தான். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் 20 பேர் என்று எழுதியிருந்தால், மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தாலும் 20 பேர்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ளூ-ரே பிளேயரில் சீடியைப் போட்டால் நீல லேசர் வேலை செய்வதே இல்லை. சீடிக்காகவே அதற்குள் பழைய 780 லேசரையும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தம்பிக்கு ஒரு பிளேயரைக் கழற்றி, லேசரும் லென்ஸும் இருக்கிற பிக்கப்பைக் காட்டி விளக்கினேன். அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்படியானால் லேசர் முன்னேற்றத்தால் சீடியின் ஒலிக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது இருக்கிற இடம் வேறு.

தட்டு கீறல் விழாமல், லென்ஸ் சுத்தமாக இருக்கும்வரை பிளேயர் எல்லா எண்ணையும் சரியாக வாசிக்கும். சில எண்கள் விட்டுப்போனாலும் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும். அதற்காகவே எண்களை வரிசையாக எழுதாமல், கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு மொத்தமாக அழிந்துபோனாலும், அந்த எண்களை ஒரு பிட் குறையாமல் திருப்பி எடுத்துவிடும். என் தொழிலில் நான் பார்த்த அதிசயங்களில் இது பெரிய அதிசயம்.

சேதம் அதற்கு மேல் போனால் பிளேயர் ஊகிக்கத் தொடங்கும். முன்னே உள்ள எண்ணையும் பின்னே உள்ள எண்ணையும் பார்த்து நடுவில் ஒரு கோடு இழுத்துவிடும். வயலின் இழுவையில் அது காதுக்குத் தெரியாது. தப்புப் பறையில் தெரியும். தப்பின் முதல் அடி ஒரு மில்லி விநாடிக்குள் செங்குத்தாக எழும்பும் ஒலி. அந்த இடத்தில் கோடு இழுத்தால் அடி மழுங்கிப்போகும். ஈரத்தில் ஊறி, நெருப்பில் காய்ச்சாத தப்பு மாதிரி கேட்கும். அதையும் தாண்டினால் மௌனம், இல்லாவிட்டால் "டிக்". ஆகவே சீடியில் ஒலி கெடுகிறது என்றால் கெடுவது இந்த ஊகத்தில்தான். ஊகத்தைக் குறைக்கிற எந்த லேசரும் ஒலியை மேம்படுத்துகிற லேசர். நான் வேறு அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை.

மலைநாட்டில் இந்த ஊகம் சீக்கிரம் ஆரம்பித்துவிடும். வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் மழை, பிறகு மாதக்கணக்கில் ஈரம். காலையில் கடை திறந்து செட்டைப் போட்டால் லென்ஸில் பனி படிந்து, தட்டே இல்லை என்று காட்டும். அரைமணி நேரம் கரண்டில் விட்டால் சூடேறித் தெளிந்துவிடும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அடுப்புப் புகையும் சேர்ந்தால் லென்ஸில் மஞ்சள் படலம் ஏறிவிடும். சில ரிப்பேர்காரர்கள் அதைத் துடைக்காமல், பிக்கப்பில் இருக்கிற ப்ரீசெட் என்ற சின்னத் திருகைத் திருப்பி லேசருக்குக் கரண்டைக் கூட்டிவிடுவார்கள். இரண்டு மாதம் நன்றாகப் பாடும், அப்புறம் லேசரே செத்துவிடும். பஞ்சில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்டு லென்ஸைத் துடைத்தால் முடிகிற வேலை அது. நான் அந்த ப்ரீசெட்டைத் தொடுவதில்லை.

தட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும். 2001இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள், பெலீஸ் என்ற ஈரமான நாட்டிலிருந்து வந்த ஒரு சீடியை ஆராய்ந்து, ஒரு வகைப் பூஞ்சை ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் தின்றிருப்பதைக் கண்டார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது, நோர்வூட்டும் மஸ்கெலியாவும் பெலீஸுக்கு ஒன்றும் குறைந்த ஈரமில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அப்பாவின் தட்டுக்கு வருகிறேன்.

கூத்து விடிய விடிய நடந்தது. இரவல் வாங்கிய கெசட் ரெக்கோடர், வெளியே இழுத்து வைத்த ஒரு மைக். பிறகு டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் கெசட்டுகளைக் கம்பியூட்டரில் ஏற்றி, தெரிந்தெடுத்த பகுதிகளை 78 நிமிடமாக்கி, 12 தட்டுகள் ரைட் பண்ணினோம். சீடிக்கு அழிவே இல்லை என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கெசட்டுகளை வேறு பாட்டுப் பதியக் கொடுத்துவிட்டோம். கம்பியூட்டரில் இருந்ததை அந்தக் கடையில் அழித்துவிட்டார்கள்.

வீட்டில் ரைட் பண்ணுகிற தட்டு, அச்சடித்த தட்டு மாதிரி அல்ல. அதில் குழிக்குப் பதிலாக ஒரு சாயப்படலம் இருக்கிறது. எழுதும்போது லேசர் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கும். சாயம் 780 நானோமீட்டர் ஒளிக்கென்றே செய்தது. சிவப்பு லேசரால் பார்த்தால் போதுமான ஒளி திரும்பி வராது. டிவிடி பிளேயர்களில் இரண்டாவது லேசரை வைத்ததற்கு ஒரு காரணம் இதுதான். சாயம் என்றால் வெளுக்கும். வெயிலிலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். எங்கள் தட்டைக் குண்டு பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளி ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம், தேயிலைச் சாயம் போல மங்கலாக, பல்பின் கம்பி தெரியும் அளவுக்கு வெளுத்திருந்தது. சீடியை உள்ளேயிருந்து வெளியேதான் வாசிப்பார்கள். அதனால் கூத்தின் முடிவு ஓரத்தில் இருக்கிறது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த பிறகு, ரதி தலைவிரித்து ஒப்பாரி வைக்கும் இடம். அப்பாவின் குரலுக்காகவே பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் மலையேறி வந்து நின்ற இடம். அதுதான் அந்த 2 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சாதாரண பிளேயர் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தடவைதான் வாசிக்கும், பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே. கம்பியூட்டர் டிரைவுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரே இடத்தை மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, இரண்டு தடவை ஒரே விடை வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி வைத்தேன். நான்கு பழைய டிரைவுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றின் லேசருக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிந்தது. அதை முதன்முதலில் பார்த்தபோது எழும்பி நின்றுவிட்டேன். மூன்று இரவு ஓடியது. 72ஆவது நிமிடத்தில் எல்லா டிரைவும் கைவிட்டன.

அந்த 72 நிமிடத்தைப் போட்டுக் காட்டியபோது அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒங்கப்பா கொரலுதான்டா. அந்த எடத்துல இருமுவாரு பாரு, அதுவும் இருக்கு" என்றார். இருமல் இருந்தது. பின்னால் தப்படியும், யாரோ ஒரு குழந்தை அழுவதும் இருந்தன.

இனி வருவது என் யோசனை. லேசர் வேலையில் இருக்கிற யாராவது வாசித்தால் நல்லது.

சீடியின் அடிப்பக்கத்துத் தூசி ஏன் பெரிதாகக் கெடுப்பதில்லை தெரியுமா? தகவல் இருப்பது 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில். ஒளி மேற்பரப்பில் நுழையும்போது சுமார் முக்கால் மில்லிமீட்டர் அகலம். உள்ளே போகப் போகக் கூம்பாகிக் குவிகிறது. பஸ் கண்ணாடியில் மழைத்துளி இருந்தாலும் எதிர் மலை தெரிகிறதே, அதே மாதிரி. ப்ளூ-ரேயில் தகவல் வெறும் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே. ஒரு சின்னத் தூசியும் பாதி ஒளியை மறைக்கலாம். அதனால்தான் அதற்குக் கீறல் விழாத கடினப் பூச்சு போட்டார்கள். அதாவது சின்னப் புள்ளி இலவசமாக வரவில்லை. அதே காரணத்தால் ப்ளூ-ரே லென்ஸை அப்படியே சீடிமேல் திருப்பவும் முடியாது, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள் போனதும் அதன் புள்ளி சிதறிவிடும்.

ஆனால் நீல ஒளிக்கென்று அந்தத் தடிப்பைச் சரிசெய்கிற தனி லென்ஸ் ஒன்றைச் செய்தால்? சீடிக்குழியின் அகலம் அரை மைக்ரோமீட்டர் அளவு. அகச்சிவப்புப் புள்ளி குழியைவிட அகலம். நீலப் புள்ளியால் குழிக்குள்ளேயே வலது ஓரமாக ஒரு தடவை, இடது ஓரமாக ஒரு தடவை ஓட முடியும். ஒரு பக்கம் கெட்டிருந்தால் மறுபக்கத்தில் வாசிக்கலாம். ரைட் பண்ணிய தட்டிலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. சுடும்போது சாயத்தின் நிறம் மட்டும் மாறுவதில்லை, சூட்டில் அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் சற்றே நெளிகிறது. நிறம் வெளுத்தாலும் நெளிவு அங்கேயே இருக்கும். 780க்குத் தெரியாத அந்த நெளிவை வேறு அலைநீளம் பார்க்கலாம்.

இரண்டாவது, வாசித்த ஒளியைப் புரிந்துகொள்ளும் முறை. சாதாரண சீடி பிளேயர், திரும்பி வரும் ஒளி ஒரு மட்டத்துக்கு மேலா கீழா என்று மட்டும்தான் பார்க்கிறது. ப்ளூ-ரே டிரைவுகள் முன்னும் பின்னும் வரும் அலையின் வடிவத்தைச் சேர்த்துப் பார்த்து, எந்த வரிசை வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தீர்மானிக்கின்றன. மூடுபனியில் எதிரே வருகிற ஆளை முகத்தைப் பார்த்தா தெரிந்துகொள்கிறோம்? நடையைப் பார்த்துத்தான். வெளுத்த தட்டுக்கு இந்த மாதிரி வாசிப்புத்தான் வேண்டும். இதைச் சீடிக்கும் கொடுக்கும் ஒரு டிரைவ் இருந்தால் என் முழு மாத வருமானத்தைக் கொடுத்து வாங்குவேன்.

மூன்றாவது, பல கதிர்கள். 1990களின் கடைசியில் கென்வூட் ஒரு கம்பியூட்டர் டிரைவ் விற்றது. ஒரே நேரத்தில் ஏழு தடங்களை ஏழு கதிர்களால் வாசிக்கும். வேகத்துக்காகச் செய்தார்கள். அந்த ஏழு கதிரையும் அவசரமில்லாமல் ஒரே தடத்தின்மேல், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வேறு குவியத்தில் விட்டால், ஒரு இடத்துக்கு ஏழு சாட்சி கிடைக்கும்.

இது நடக்காத காரியம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளர், பழைய இசைத்தட்டுகளை ஊசி தொடாமல் ஒளியால் படம்பிடித்து, படத்திலிருந்து ஒலியை எடுக்கும் வழியைக் கண்டார். 1860இல் பாரிஸில் புகைக்கரி பூசிய தாளில் கீறிய ஒரு பாட்டை, 2008இல் அந்தக் கூடத்தின் உதவியோடு கேட்க வைத்தார்கள். கேட்பதற்கென்றே பதியாத கோடு அது. 148 வருடம் கழித்துப் பாடியது. என் தட்டுக்கு 20 வருடம்தான் ஆகிறது.

அதுவரை செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதற்கு உங்கள் உதவி வேண்டும். அன்று ரைட் பண்ணிய 12 தட்டிலும் ஒரே எண்கள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வீட்டில், வேறு ஈரத்தில் இருந்தது. ஒன்றில் வெளுத்த இடம் இன்னொன்றில் வெளுத்திருக்க வேண்டும் என்றில்லை. இரண்டு பழுதான தட்டுகள் கிடைத்தாலே இதில் இல்லாததை அதில் எடுத்துச் சேர்த்துவிடலாம். வெள்ளைத் தட்டு, மேலே நீல நிற மார்க்கரில் "காமன் கூத்து 2005 மாசி" என்று என் கையெழுத்து இருக்கும். கூத்தில் வேடம் கட்டியவர்களுக்கும், கொழும்புக்கு வேலைக்குப் போன இரண்டு பேருக்கும், திருமணமாகி பதுளைப் பக்கம் போன என் அத்தைக்கும் கொடுத்தோம். அத்தை வீட்டுத் தட்டு மண்சரிவில் வீட்டோடு போய்விட்டது. மற்றவை எங்கேயாவது அலுமாரிக்குள் இருக்கும்.

கிடைத்தால் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம். வெயிலில் காயவைக்க வேண்டாம். மேலே பேப்பர் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். சாயம் மேல்பக்கத்துக்குத்தான் கிட்ட இருக்கிறது, ஒட்டோடு சேர்ந்து வந்துவிடும். தூசி இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக மட்டும் மெல்லத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். தடத்தின் வழியே விழுகிற கீறல்தான் மோசமானது. உலர்ந்த துணியில் சுற்றி, யாராவது ஹட்டன் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு தட்டைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அம்மாவுக்கு வயது 74. அந்த ஒப்பாரியின் முதல் இரண்டு அடி அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது அடி வரமாட்டேன் என்கிறது.